ஜிப், டார், 7-ஜிப், ரார்: விண்டோஸ், மேக், லினக்ஸ், கைபேசிக்கு இடையே சுருக்கிய கோப்புகளைக் கையாளுதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸில் கட்டிய பொதியை (பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பை) மேக்கில் பிரித்தால் ஒரு சிக்கல், மேக்கில் கட்டியதை விண்டோஸில் பிரித்தால் வேறொரு சிக்கல், லினக்ஸில் பாதியிலேயே நின்றுபோகிறது என்று கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பொதி கெட்டுப்போனதால் வருபவை இவற்றில் குறைவு. கோப்பின் பெயர், இருக்கும் பாதை, நேரம், அனுமதி ஆகியவற்றை ஒவ்வோர் இயங்குதளமும் தன் வழக்கப்படி எழுதிவைக்கிறது, அந்த வழக்கங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த மோதல் இன்னும் கடுமை. அதனால் அதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறோம். ‘கோடு’ என்றால் கழித்தல் குறி.

பெறுபவர் எந்தக் கணினி வைத்திருக்கிறார் என்று தெரியாது. எந்த வடிவத்தில் அனுப்புவது?

ஜிப். கடவுச்சொல் போடாமல், வழக்கமான ‘டிஃப்ளேட்’ முறையில் சுருக்கிய ஜிப். 1989இல் ஃபில் காட்ஸ் உருவாக்கிய வடிவம் இது. விண்டோஸ், மேக், ஐஃபோன், ஆண்ட்ராய்டு, பெரும்பாலான லினக்ஸ் மேசைத்தளங்கள் எல்லாம் கூடுதல் மென்பொருள் இல்லாமலே இதைப் பிரிக்கும். 7-ஜிப் என்ற மென்பொருளின் சொந்த வடிவமான 7-இசட் இன்னும் நன்றாகச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெறுபவர் ‘இதை எப்படித் திறப்பது?’ என்று திருப்பிக் கேட்டால், மிச்சம்பிடித்த சில எம்பியால் யாருக்கும் பயனில்லை.

7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சுருக்கும் முறையை எல்இசட்எம்ஏ என்றோ பிபிஎம்டி என்றோ மாற்றிவிடாதீர்கள். பெயரில் ஜிப் என்று இருக்கும், ஆனால் பல கருவிகளால் பிரிக்க முடியாது.

‘டார்.ஜிஇசட்’ என்று ஏன் இரண்டு வால்? விண்டோஸில் எப்படிப் பிரிப்பது?

பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதைத்தான் வால் என்கிறோம். இரண்டு வேலை நடந்திருப்பதால் இரண்டு வால். டார் பல கோப்புகளை வரிசையாக அடுக்கி ஒரே கோப்பாக்கும்; அது சுருக்காது. காந்த நாடாவில் காப்பு எடுத்த காலத்துக் கருவி அது, பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஜிஜிப் ஒரே ஒரு கோப்பைச் சுருக்கும், அடுக்கத் தெரியாது. முதலில் அடுக்கி, பிறகு சுருக்கினால் இரண்டு வாலும் ஒட்டிக்கொள்ளும். பிஇசட்2, எக்ஸ்இசட், இசட்எஸ்டி என்று கடைசி வால் மாறினாலும் ஏற்பாடு அதேதான்.

விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் டார் கட்டளை கூடவே வருகிறது. கோப்பு இருக்கும் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டார், இடைவெளி, கோடு-எக்ஸ்-எஃப், இடைவெளி, கோப்பின் பெயர் என்று தட்டினால் போதும். விண்டோஸ் 11இன் 23எச்2 பதிப்பில் டார், 7-இசட், ரார் மூன்றையும் எக்ஸ்ப்ளோரரே திறக்கும், கடவுச்சொல் இல்லாதவரை. பழைய விண்டோஸில் 7-ஜிப் வைத்துப் பிரித்தால் முதலில் டார் கோப்பு மட்டும் வெளியே வரும். அதை இரண்டாம் முறை பிரிக்க வேண்டும். ‘பிரித்தேன், உள்ளே ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது’ என்பவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ரார் கோப்பு வந்திருக்கிறது. காசு கட்டி வின்ரார் வாங்கவேண்டுமா?

பிரிக்க மட்டும் என்றால் வேண்டாம். விண்டோஸில் 7-ஜிப், மேக்கில் கேகா அல்லது தி அன்ஆர்க்கைவர், ஆண்ட்ராய்டில் இசட்-ஆர்க்கைவர் எல்லாம் ராரைப் பிரிக்கும். லினக்ஸில் ‘அன்ரார்-ஃப்ரீ’ என்ற மென்பொருளுக்குப் பதிலாக ‘அன்ரார்’ என்பதை நிறுவுங்கள். 2013இல் வந்த ரார்5 வடிவத்தில் முதலாவதன் பழைய பதிப்புகள் தடுமாறும். ரார் பொதியைப் புதிதாகக் கட்டத்தான் ரார் நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அதனால் நீங்கள் அனுப்பும்போது ராரைத் தவிர்த்துவிடுங்கள்.

பிரித்ததும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகிவிட்டன. கோப்பு கெட்டுவிட்டதா?

உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரைப் படிக்கும் விதம்தான் பிசகியிருக்கிறது.

ஜிப் பிறந்தபோது பெயர்களை எழுத அதற்குத் தெரிந்தது ஐபிஎம் பிசியின் 437ஆம் குறிப்பக்கம் (எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை) ஒன்றுதான். யூடிஎஃப்-8 என்பது யூனிகோடு எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறை. 2006இல்தான் ‘இந்தப் பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது’ என்று சொல்லும் ஒரு கொடி விதிமுறையில் சேர்ந்தது. மேக்கின் உள்ளமைந்த கருவி பெயரை யூடிஎஃப்-8இல் சரியாக எழுதிவிட்டு, கொடியை ஏற்றாமல் விட்டுவிடும் வழக்கம் கொண்டது. கொடி இல்லாததைப் பார்த்த விண்டோஸ், பழைய குறிப்பக்கத்தின்படி படிக்கிறது.

குறிகளைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் (யூனிகோடு தனி எண் கொடுத்த எழுத்தோ குறியோ) யூடிஎஃப்-8இல் 3 பைட்; முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டில் ஒன்று. எனவே 437ஆம் பக்கத்தின்படி படித்தால் கிரேக்க ஆல்ஃபாவும் அதை அடுத்து இரட்டை அம்புமுனை மேற்கோள்குறியும் மூன்று எழுத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். மேற்கு ஐரோப்பிய விண்டோஸ் குறிப்பக்கத்தின்படி படித்தால், தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் வந்துகொண்டே இருக்கும். இந்த அடையாளம் கண்ணில் பட்டால் பெயர் முழுசாக மீளும்.

மீட்கும் வழி: பிரித்த கோப்புகளை அழித்துவிட்டு, மூல ஜிப்பை 7-ஜிப்பில் திறந்து மறுபடி பிரியுங்கள். பெரும்பாலும் அதுவே சரியாகப் படித்துவிடும். படிக்காவிட்டால் கட்டளைச் சாளரத்தில் 7இசட், இடைவெளி, எக்ஸ், இடைவெளி, கோடு-எம்சிபி, சமக்குறி, 65001, இடைவெளி, கோப்பின் பெயர். 65001 என்பது விண்டோஸில் யூடிஎஃப்-8இன் எண். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. லினக்ஸில் அன்ஆர் என்ற கருவிக்கு கோடு-இ கொடுத்து யூடிஎஃப்-8 என்று குறிப்பிடலாம்.

பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் நிலைமை வேறு. பொதியைக் கட்டிய கருவியே தமிழ் எழுத்தை எழுதத் தெரியாமல் கேள்விக்குறி போட்டிருக்கும். அங்கே மீட்க எதுவும் இல்லை. அனுப்பியவரிடம் வேறு கருவியில் கட்டித்தரச் சொல்வது ஒன்றே வழி.

மூன்றாவதாக ஒன்று: பெயர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் அது எந்தக் கணினியிலும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அந்தப் பெயர் எப்போதுமே ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டிருந்தது. ஜிப் கருவிகளால் இதைச் சரிசெய்ய முடியாது; யூனிகோடு மாற்றியில் பெயரை மாற்றி எடுக்க வேண்டும்.

‘சுருக்கிய கோப்புறையில் பயன்படுத்த முடியாத எழுத்துகள் உள்ளன’ என்று விண்டோஸ் மறுக்கிறது.

எக்ஸ்ப்ளோரரின் உள்ளமைந்த ஜிப் கருவி, பெயர்களைப் பழைய டாஸ் குறிப்பக்கத்தில் எழுத முயன்ற பதிப்புகளில் இது வரும். விண்டோஸ் 7இல் மிகச் சாதாரணம். தமிழுக்கு அப்படியொரு குறிப்பக்கம் விண்டோஸில் கிடையவே கிடையாது. தமிழ் அங்கே யூனிகோடில் மட்டும் வாழ்கிறது. எனவே பெயரில் ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் கைவிரித்துவிடும். பெயரை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம், 7-ஜிப்பில் கட்டுங்கள். குறிப்பக்கத்தில் அடங்காத பெயரை அது தானாகவே யூடிஎஃப்-8இல் எழுதிக் கொடியும் ஏற்றும். பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களும் கலந்திருந்தால் ‘பாராமீட்டர்ஸ்’ பெட்டியில் சியு என்று இரண்டெழுத்துத் தட்டிவிடுங்கள்; எல்லாப் பெயரும் ஒரே முறையில் போகும்.

விண்டோஸில் நன்றாகப் பிரிகிறது. லினக்ஸில் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்கிறது. பெயர் அவ்வளவு நீளமில்லையே?

ஆங்கிலக் கணக்கில் இல்லை, தமிழ்க் கணக்கில் நீளம்தான். விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடு அனுமதிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 அனுமதிப்பது 255 பைட். தமிழில் ஒரு குறியீடு 3 பைட் என்பதால், பிடிஎஃப் வாலுக்கு 4 பைட் போக 83 குறியீடுதான் மிச்சம். உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு, புள்ளியும் தனி. ‘தமிழ்நாடு’ கண்ணுக்கு 5 எழுத்து, குறியீட்டில் 9, பைட்டில் 27. முழு அரசாணைத் தலைப்பையோ நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு அனைத்தையுமோ பெயராக வைத்தால் எல்லை சட்டென்று தாண்டிவிடும்.

லினக்ஸின் ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற பூட்டும் முறை வழியாகப் பூட்டிய கோப்புறைகளில் எல்லை இன்னும் குறுகல்: 143 பைட், அதாவது வாலோடு 46 தமிழ்க் குறியீடு. பழைய உபுண்டுவில் ‘வீட்டுக் கோப்புறையைப் பூட்டு’ என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கும், வலையிணைப்புச் சேமிப்பகம் சிலவற்றில் பூட்டிய பகிர்வு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பிரிக்காமலே பெயரைச் சுருக்கலாம். விண்டோஸில் 7-ஜிப் சாளரத்தில் பொதியைத் திறந்து, கோப்பைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் பொதிக்குள்ளேயே பெயர் மாறும். லினக்ஸில் 7இசட், ஆர்என், பொதியின் பெயர், பழைய பெயர், புதிய பெயர் என்ற வரிசை. புதிதாகப் பெயர் வைக்கும்போது தமிழில் 40 குறியீட்டுக்குள், அதாவது சுமார் 22 முதல் 25 எழுத்துக்குள் நிறுத்திக்கொண்டால் எங்கும் சிக்காது.

மேக்கிலிருந்து வந்த பொதியைப் பிரித்தபின் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கிறது. எப்படி முடியும்?

கண்ணுக்குத்தான் ஒரே பெயர். ‘கோவை’யில் உள்ள ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக்குறி ஒன்று, அல்லது ககரம், ஏகாரக்குறி, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்து. யூனிகோடின்படி இரண்டும் சமம், திரையில் வேறுபாடு தெரியாது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் அனைத்துக்கும், தனி ஔவுக்கும் இந்த இரட்டை வடிவம் உண்டு. மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ்+ பெயரைக் கட்டாயமாகப் பிரித்த வடிவில் வைத்தது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைக்கிறது. ஆனாலும் சில மேக் செயலிகள் இன்றும் பிரித்த வடிவில்தான் கொடுக்கின்றன. விண்டோஸும் லினக்ஸும் இந்த இரண்டையும் வெவ்வேறு பெயராக நினைக்கின்றன. பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தேடலில் ‘கோவை’ என்று தட்டினால் பாதி கோப்பு வருவதில்லை.

லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி இதைச் சரிசெய்யும். கோடு-எஃப், யூடிஎஃப்8, கோடு-டி, யூடிஎஃப்8, கோடு-ஆர், இரட்டைக்கோடு என்எஃப்சி, கடைசியில் கோப்புறையின் பெயர். இப்படி ஓட்டினால் என்ன மாறும் என்று காட்டும், ஒன்றையும் மாற்றாது. பட்டியல் சரியாக இருந்தால் இரட்டைக்கோடு நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

அந்தக் கருவியாலும் ஆகாத இரண்டு உண்டு. ‘கௌரி’யை ஔகாரக்குறிக்குப் பதில் எகரக்குறியும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டுவது ஒன்று. ‘ஸ்ரீ’ மற்றொன்று: அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோடு பார்வையில் இவை சமமல்ல, வெவ்வேறு சொற்கள். விசைப்பலகை மாறினால் இது மாறும் என்பதால், பலர் சேர்ந்து கோப்பு வைக்கும் இடத்தில் எந்த விசைப்பலகை என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்வது நல்லது.

பொதிக்குள் ‘மேக்ஓஎஸ்எக்ஸ்’ என்ற கோப்புறையும், புள்ளி-அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புகளும் எதற்கு?

மேக் தன் கோப்புகளோடு வைத்திருக்கும் கூடுதல் விவரங்கள் அவை. விண்டோஸிலும் லினக்ஸிலும் எந்தப் பயனும் இல்லை, அழித்துவிடலாம். உள்ளே ‘படம்.ஜேபெக்’ போன்ற பெயரில் ஒரு சிறு கோப்பைப் பார்த்துத் திறந்து, ‘படம் திறக்கவில்லை’ என்று பதறவேண்டாம். உண்மையான படம் வெளிக் கோப்புறையில் இருக்கும்.

அனுப்பும் பக்கத்திலேயே தவிர்க்க: மேக் டெர்மினலில் ஜிப், கோடு-ஆர், கோடு-பெரிய எழுத்து எக்ஸ், பொதியின் பெயர், கோப்புறையின் பெயர். டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு கேகாவில் இந்த மேக் விவரங்களை விலக்கும் தேர்வு இருக்கிறது.

விண்டோஸில் பிரிக்கும்போது ‘பாதை மிக நீளம்’ என்றோ, சில கோப்புகளைத் தவிர்த்ததாகவோ சொல்கிறது.

பாதையில் உள்ள எல்லாக் கோப்புறைப் பெயரும் சேர்ந்து 260 குறியீட்டைத் தாண்டினால் எக்ஸ்ப்ளோரர் நின்றுவிடும். டவுன்லோட்ஸ் கோப்புறைக்குள், பொதியின் பெயரிலேயே ஒரு கோப்புறை, அதற்குள் அதே பெயரில் இன்னொன்று என்று போனால் சீக்கிரம் நிரம்பும். சி டிரைவின் மேல்மட்டத்தில் ஓரெழுத்துப் பெயரில் கோப்புறை போட்டு அதற்குள் பிரியுங்கள், அல்லது 7-ஜிப் பயன்படுத்துங்கள். அது நீண்ட பாதைகளைத் தாங்கும்.

விடுபட்ட கோப்புகளுக்குக் காரணம் வேறு. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், நேர்கோடு, அம்புமுனைகள் ஆகியவை லினக்ஸில் பெயரில் வரலாம், விண்டோஸில் வரக்கூடாது. ‘10:30 கூட்டம்’ என்று பெயர் வைத்தவர் லினக்ஸில் நிம்மதியாக இருப்பார், பெறுபவருக்குத்தான் சிக்கல். கான், ஆக்ஸ், நல், பிஆர்என் என்ற பெயர்களும் டாஸ் காலத்திலிருந்தே ஒதுக்கப்பட்டவை. இன்னொன்று ஓசையில்லாமல் நடக்கும்: லினக்ஸில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலப் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் இரண்டு கோப்பு. விண்டோஸிலும் வழக்கமான மேக்கிலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்று காணாமல் போகும். கருவி ‘மேலெழுதவா?’ என்று கேட்டால் யோசிக்காமல் ‘ஆம்’ கொடுக்காதீர்கள்.

விண்டோஸில் கட்டிய நிரலை லினக்ஸில் பிரித்தேன். ‘அனுமதி இல்லை’ என்கிறது.

இயக்கும் அனுமதி விண்டோஸில் கட்டிய ஜிப்பில் பதிவாவதில்லை. பிரித்தபின் சிஎச்மாட், கூட்டல்குறி-எக்ஸ், கோப்பின் பெயர் என்று கொடுங்கள். லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு என்றால் டார்தான் சரி. அனுமதி, உரிமையாளர், குறியீட்டு இணைப்பு மூன்றையும் அது காக்கும். 7-இசட் வடிவம் உரிமையாளரையும் குழுவையும் சேமிப்பதில்லை. எனவே சர்வர் காப்புக்கு அதை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். டாரில் அடுக்கிப் பிறகு 7-இசட்டில் சுருக்கலாம்.

4 ஜிபியைத் தாண்டினால் ஏன் எல்லாமே தகராறு?

மூன்று வெவ்வேறு எல்லைகள் அதே எண்ணில் வந்து நிற்பதால். பழைய ஜிப் வடிவம் ஒரு கோப்புக்கும் முழுப் பொதிக்கும் 4 ஜிபியும், உள்ளே 65,535 கோப்பும் மட்டும் அனுமதித்தது. ஜிப்64 என்ற விரிவு இதை நீக்கியது. ஆனால் மேக்கின் உள்ளமைந்த கருவி 4 ஜிபிக்கு மேற்பட்ட பொதியில் ஜிப்64 விவரத்தைச் சரியாக எழுதாத பதிப்புகள் உண்டு. 7-ஜிப் அதைத் திறந்து ‘ஹெடர்ஸ் எரர்’ என்றாலும் தரவு முழுதாக இருக்கக்கூடும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரருக்கும் ஒரு பழக்கம் உண்டு: 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது டிஃப்ளேட்64 என்ற முறையில் சுருக்கும். பைத்தானின் ஜிப்ஃபைல் நூலகம் போன்றவற்றுக்கு அந்த முறை தெரியாது. பெரிய கோப்புகளை 7-ஜிப்பிலோ கேகாவிலோ கட்டுவது இதனால்தான்.

மூன்றாவது எல்லை பென்டிரைவுடையது. ஃபேட்32 வடிவில் உள்ள பென்டிரைவில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. 16 ஜிபி காலியாக இருந்தாலும் ‘இடமில்லை’ என்ற பொருளில் பிழை வரும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றலாம். உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் நகலெடுங்கள். மாற்ற முடியாவிட்டால் 7-ஜிப்பில் ‘ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்’ பெட்டியில் 4000எம் என்று தட்டித் துண்டாக்குங்கள். 001, 002 என்று வரும் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து 001ஐ மட்டும் திறக்க வேண்டும். 7-ஜிப் இல்லாத லினக்ஸிலும் மேக்கிலும் கேட் கட்டளையால் துண்டுகளை வரிசையாக ஒட்டினால் முழுப் பொதி கிடைத்துவிடும். வெறும் வெட்டுதான் அது.

இசட்01, இசட்02 என்று துண்டுகளும் கடைசியில் ஜிப்பும் இருந்தால் அது வேறு ஏற்பாடு. லினக்ஸின் அன்ஜிப் அதைப் பிரிக்காது. ஜிப், கோடு-எஸ், 0, கடைசித் துண்டின் பெயர், இரட்டைக்கோடு அவுட், புதிய பெயர் என்று கொடுத்து முதலில் ஒன்றாக்குங்கள்.

20 எம்பி படங்களை ஜிப் செய்தேன். அதே 20 எம்பி இருக்கிறதே?

ஜேபெக், எம்பி3, எம்பி4 எல்லாம் பிறக்கும்போதே சுருங்கியவை. வேர்ட், எக்ஸல் கோப்புகளின் உள்ளே இருப்பதே ஜிப்தான். அவற்றைப் பொதியாக்குவது ஒன்றாகச் சேர்க்கத்தான், சுருக்க அல்ல. உரைக்கோப்பு, சிஎஸ்வி, தரவுத்தள ஏற்றுமதி போன்றவைதான் நன்றாகச் சுருங்கும்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது ஜிமெயிலின் 25 எம்பி எல்லையை அப்படியே நம்பாதீர்கள். இணைப்புகள் எழுத்துவடிவாக மாறிப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும். 18 எம்பிக்குள் வைத்தால் போய்ச் சேரும். எக்ஸ்இ கோப்பை ஜிப்புக்குள் ஒளித்தாலும் ஜிமெயில் தடுக்கும்.

கடவுச்சொல் போட்ட ஜிப் பாதுகாப்பானதா?

எந்த முறை என்பதைப் பொறுத்தது. பழைய ‘ஜிப்கிரிப்டோ’ முறையை பிஹாம், கோச்சர் இருவரும் 1994இல் உடைத்துக் காட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு கோப்பின் சுமார் 12 பைட் முன்கூட்டியே தெரிந்தால் போதும், கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பூட்டு திறக்கும். பல கோப்பு வகைகளின் தொடக்கம் எப்போதும் ஒன்றேதான் என்பதால் அந்த 12 பைட் கிடைப்பது கடினமல்ல. ஏஇஎஸ்-256 என்ற புதிய பூட்டு முறை வலுவானது; ஆனால் ஏஇஎஸ் ஜிப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் திறக்காது, ‘குறிப்பிடப்படாத பிழை’ என்று மட்டும் சொல்லும். மேலும் வழக்கமான ஜிப் கருவிகளில் இந்த இரண்டில் எந்தப் பூட்டுப் போட்டாலும் கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். ‘வங்கிக் கடன் மறுப்பு’ என்ற பெயரே போதும், உள்ளே என்ன என்று அறிய.

ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, சம்பளப் பட்டியல் போன்றவற்றுக்கு 7-இசட் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஏஇஎஸ்-256ஐத் தேர்ந்து, ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ பெட்டியையும் குறியிட வேண்டும். பெறுபவரிடம் எந்தச் செயலியில் திறப்பது என்று சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கடவுச்சொல்லைத் தமிழில் வைக்க வேண்டாம். மேலே சொன்ன ‘கோவை’ இரட்டை வடிவம் இங்கே வந்தால், சரியாகத் தட்டியும் ‘தவறான கடவுச்சொல்’ என்றே வரும். கருவிக்குக் கருவி அதைப் பைட்டாக்கும் முறையும் மாறுகிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும், நீளமாக இருக்கட்டும்.

‘பொதி சிதைந்துள்ளது’ என்று வருகிறது. ஏதாவது மீட்க முடியுமா?

முதலில் அளவைப் பாருங்கள். 300 எம்பி வரவேண்டிய இடத்தில் சில கேபி மட்டும் இருந்தால், பொதிக்குப் பதில் ‘உள்நுழையவும்’ என்ற வலைப்பக்கம் இறங்கியிருக்கிறது. லினக்ஸ், மேக் டெர்மினலில் ஃபைல் என்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உண்மையில் என்ன வகை என்று சொல்லிவிடும். ஜிப் என்றால் முதல் இரண்டு பைட் ‘பிகே’, ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்து.

அளவு சற்றே குறைந்திருந்தால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. ஜிப் தன் பட்டியலைக் கோப்பின் கடைசியில் வைக்கிறது. வால் போனால் பட்டியலே போயிற்று, அதனால்தான் 99 விழுக்காடு வந்தும் திறக்க மறுக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் சிறு தலைப்பு இருக்கும். 7-ஜிப் அவற்றைப் படித்து வந்தவரைக்கும் பிரித்துத் தரும். லினக்ஸில் ஜிப் கட்டளைக்குக் கோடும் இரண்டு பெரிய எஃப்பும் சேர்த்துக் கொடுத்து, இரட்டைக்கோடு அவுட்டோடு புதிய பெயர் தந்தால் புதுப் பட்டியல் கட்டும். டார்.ஜிஇசட் அறுந்த இடம்வரை பிரியும். 7-இசட்டும் பட்டியலைக் கடைசியில்தான் வைக்கிறது, அதிலும் கோப்புகளைச் சேர்த்து ஒரே ஓட்டமாகச் சுருக்குவதால் வால் அறுந்தால் மீட்பது மிகக் கடினம். ராரில் ‘ரெகவரி ரெக்கார்ட்’ சேர்த்துக் கட்டியிருந்தால் சிறு சேதங்கள் ஆறும். கட்டும்போதே சேர்த்திருக்க வேண்டும்.

அனுப்புபவர் எஸ்எச்ஏ-256 கூட்டெண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) தந்துவிட்டால் சந்தேகமே வராது. விண்டோஸில் செர்ட்யூட்டில், கோடு-ஹேஷ்ஃபைல், கோப்பின் பெயர், எஸ்எச்ஏ256, மேக்கில் எஸ்எச்ஏசம், கோடு-ஏ, 256, லினக்ஸில் எஸ்எச்ஏ256சம். மூன்றிலும் அதே எண் வரவேண்டும்.

பொதிக்குள்ளேயே வேர்ட் கோப்பைத் திறந்து திருத்தினேன். திருத்தம் காணவில்லை.

பொதிக்குள் இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் விண்டோஸ் ஒரு தற்காலிக நகலைத்தான் திறக்கிறது. சேமித்தாலும் அது பொதிக்குத் திரும்புவதில்லை. வேர்ட் இன்னும் திறந்திருந்தால் உடனே ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறிடத்தில் வையுங்கள். மூடிவிட்டால் தற்காலிகக் கோப்புறையில் தேடிப்பார்க்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எந்தப் பொதியானாலும் முதலில் முழுதாகப் பிரித்துவிட்டுத் தொடுங்கள்.

கைபேசியில்?

ஐஃபோனில் ஐஓஎஸ் 13 முதல் ‘ஃபைல்ஸ்’ செயலியில் ஜிப்பைத் தொட்டால் பிரியும். அழுத்திப் பிடித்தால் சுருக்கும் தேர்வு வரும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைல்ஸ் செயலி ஜிப்புக்குப் போதும், மற்றவற்றுக்கு இசட்-ஆர்க்கைவர். வாட்ஸ்ஆப்பில் பொதியை ‘டாக்குமென்ட்’ என்று அனுப்ப வேண்டும்.

தெரியாதவரிடமிருந்து வந்த பொதியைத் திறக்கலாமா?

பட்டியலைப் பார்ப்பதில் ஆபத்து குறைவு, உள்ளே இருப்பதை இயக்குவதில்தான் ஆபத்து. விண்டோஸில் வால்கள் தெரியும்படி ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ தேர்வைப் போட்டுவையுங்கள், ‘ரசீது.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்பது அப்போதுதான் முழுப் பெயரோடு தெரியும். பொதியின் அளவுக்கும் பிரிந்தபின் வரும் அளவுக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். 42.ஜிப் என்ற பெயர்பெற்ற பொதி 42 கிலோபைட்தான். அடுக்கடுக்காக முழுதும் பிரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும்.

பொதிக்குள் ஒரு சாதாரணக் கோப்பைத் திறப்பதும் ஆபத்தான ஒரு காலம் இருந்தது: வின்ராரில் பொதிக்குள் ஒரு படத்தைத் திறந்தாலே வேறொரு நிரல் இயங்கும் ஓட்டை 2023 ஆகஸ்டில் வந்த 6.23ஆம் பதிப்பில்தான் அடைபட்டது. வின்ராரும் 7-ஜிப்பும் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்வதில்லை. நிறுவியவர் நினைவு வைத்து அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கவேண்டும். உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு என்று ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘அபௌட்’ காட்டும்.

சென்னையில் கட்டிய பொதியை டொரோண்டோவில் பிரித்தால் கோப்புகளின் நேரம் குழம்புகிறது.

ஜிப்பின் அடிப்படை நேரக் குறிப்பு டாஸ் காலத்தது: 2 விநாடி துல்லியம், நேரவலயம் கிடையாது. சென்னையில் பிற்பகல் 3:30 என்று எழுதியதை டொரோண்டோவிலும் பிற்பகல் 3:30 என்றே அது காட்டும். லினக்ஸின் ஜிப் கருவி உலகப் பொது நேரத்தையும் கூடவே எழுதுகிறது, டார் அதை மட்டுமே எழுதுகிறது. அவை அங்குள்ள நேரத்துக்கு மாறித் தெரியும். கோப்பின் நேரத்தை வைத்து எது புதியது என்று முடிவுசெய்யும் வேலையாக இருந்தால் டாரில் அனுப்புங்கள்.